ஓடிபி கேட்காமலே போகும் பணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய மோசடி பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகள் பெரும்பாலும் "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்ற அறிவுரையோடு முடிந்துவிடுகின்றன. நீலகிரியில் கோத்தகிரி, குந்தா, பந்தலூர் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளிலும் ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களிலும்) அந்த அறிவுரை பலருக்கு உதவாது. ஏடிஎம்முக்குப் பஸ் பிடித்துப் போக முடியாதவர்கள் மகளிர் உரிமைத் தொகையையோ முதியோர் பென்ஷனையோ கைரேகைக் கருவி வைத்திருக்கும் வங்கி முகவரிடம்தான் எடுக்கிறார்கள். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல். இவ்வளவும் இருந்தால் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். ஏஇபிஎஸ் (AEPS) எனப்படும், ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் இந்த முறையில் ஓடிபியும் இல்லை, பின் நம்பரும் இல்லை.

தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்கு முதலில் தேய்வது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். கருவி ரேகையைப் பிடிக்காது. "இன்னொரு தடவை வைங்கம்மா" என்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அது உண்மையான கோளாறாகவே இருக்கும். ஆனால் மறுபடி வைக்கும் விரல் தனியொரு பரிவர்த்தனையாகவும் ஆகலாம். 'இருப்பு அறிய' என்று சொல்லி, திரையில் 'பணம் எடுக்க' என்பதை அழுத்தியிருந்தால் எதிரே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும். எந்த விரலையும் வைக்கலாம். மோதிர விரலும் சுண்டு விரலும் அவ்வளவாகத் தேய்வதில்லை. பனிக்காலத்தில் வறண்ட விரலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைத்தால் சீக்கிரம் பிடிக்கும். விரல் வைக்குமுன் திரையில் தொகையைக் காட்டச் சொல்ல வேண்டும். 'ஃபெயில்' என்றாலும் ரசீது வாங்க வேண்டும்.

சிக்னல் அறுந்து, கணக்கில் கழிந்தும் பணம் கைக்கு வராமல் போவது மலையில் சாதாரணம். இதற்கு முகவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி 5 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். தவறினால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. மேலே சொன்ன ரசீது இங்கேதான் கைகொடுக்கும்.

விரலே நேரில் வராமலும் மோசடி நடக்கும். 2018இல் தெலங்கானாவில் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை நகலெடுத்து ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயக்கிய ஒருவர் பிடிபட்டார். 2023இல் ஆதார் ஆணையம் உயிருள்ள விரலா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. வழி குறுகியிருக்கிறது, அடைபட்டுவிட்டதென்று சொல்ல மாட்டேன்.

அடைக்க இரண்டு பூட்டுகள் உண்டு. முதலாவது ஆதார் ஆணையத்தின் செயலியிலோ அதன் மைஆதார் தளத்திலோ ஓடிபி கொடுத்து உள்ளே போய்ப் போடும் 'பயோமெட்ரிக் லாக்'. ஆதாரோடு கைப்பேசி எண் இணைந்திருந்தால்தான் இது நடக்கும். பூட்டியபின் விரல், கருவிழி, முகம் மூன்றுமே செல்லாது. கருவியில் பிழை எண் 330 வரும். விவரம் தெரியாமல் பூட்டிவிட்டு ரேஷன் கடையில் போய் நின்றால் விரல் ஏற்காது. பேரனிடம் ஃபோன் இருக்கும், பேரன் திருப்பூரில் இருப்பான். தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும், வரிசையில் நிற்பவருக்கு அது போதாது. ஆகவே ரேஷனுக்கு விரலை நம்பியிருப்பவர்களுக்கு இரண்டாவது பூட்டுதான் பொருத்தம்: ஏஇபிஎஸ் வழியாகப் பணம் எடுப்பதை மட்டும் என் கணக்கில் நிறுத்துங்கள் என்று கிளையில் எழுதிக் கொடுப்பது. பல வங்கிகள் செய்து தருகின்றன. ஆதார் இணைந்த கணக்கு இரண்டு வங்கியில் இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். முகவரிடம்தான் பணம் எடுத்தாக வேண்டும் என்பவர்கள் இரண்டையும் தொட வேண்டாம். மைஆதார் தளத்தில் கடந்த 6 மாதத்தில் எங்கெல்லாம் தங்கள் ஆதார் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் இருக்கிறது, வீட்டில் யாராவது மாதம் ஒருமுறை பார்த்துச் சொன்னால் போதும்.

பணம் போய்விட்டால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்த கையோடு, வங்கிக் கிளையிலும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கிமேலும் வாடிக்கையாளர்மேலும் தவறில்லாத மோசடியில், வங்கியின் தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளென்றால், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய்க்கு மேல் அவர் தலையில் கட்ட முடியாது. முகவரே கைவைத்திருந்தால் அது வங்கியின் பொறுப்பு. அங்கே நாள் கணக்கு கிடையாது. "அது முகவர் விஷயம், அவரிடம் கேளுங்கள்" என்று கிளையில் திருப்பி அனுப்பினால் திரும்ப வேண்டாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வங்கிக் கணக்கில் பணம் மாயம்' என்று அடுத்த முறை எழுதுமுன், பாதிக்கப்பட்டவரின் பாஸ்புக்கில் அந்த வரியைப் பாருங்கள். ஏஇபிஎஸ் என்ற எழுத்துகள் அங்கே இருந்தால், அவர் யாருக்கு ஓடிபி சொன்னார் என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த ஊர்க் கருவியில் விரல் வைக்கப்பட்டது என்று வங்கியைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.