ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்

சிங்கப்பூர்த் தனியார் நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களுக்கு,

வணக்கம். சீருடைக் கையேடுகளில் ‘சமய அடையாளம் இல்லாத தோற்றம்’ என்றொரு வாசகம் தலைகாட்டுவதுண்டு. கேட்க எல்லோருக்கும் பொதுவான விதிபோலத்தான் இருக்கும். ஆனால் தூடோங் எனும் தலைத்துணி அணியும் முஸ்லிம் பெண், தலைப்பாகை கட்டும் சீக்கியர் போன்றவர்களைத்தான் அது வாசலில் நிறுத்துகிறது.

2020இல் ஆர்ச்சர்ட் ரோட்டுப் பேரங்காடி ஒன்றில், பகுதிநேர விற்பனைப் பெண்ணிடம் தூடோங்கைக் கழற்றச் சொன்னார்கள். ஊரே பேசியது, கடை விதியை மாற்றிக்கொண்டது. மறு ஆண்டு நவம்பர் 1 முதல் அரசு மருத்துவமனைத் தாதியரும் சீருடையோடு தூடோங் அணியலாம் என்றாயிற்று.

இது முஸ்லிம்களின் பிரச்சினை என்று நம்மவர் சிலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவரிடம், 41 நாள் விரதத்தின் நடுவில் ‘தாடியை மழித்துவிட்டு வா’ என்று சொன்னால் தெரியும். சமையற்கூடத்தில் தாடிக்கு வலை போடச் சொல்லுங்கள், நியாயம். சுழலும் இயந்திரத்தின் அருகே தொங்கும் துணி கூடாது என்பதும் நியாயமே. முனையை உள்ளே செருகிக்கொண்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரின் விபூதி எந்த இயந்திரத்தில் சிக்கப்போகிறது?

பிரிட்டனில் சிலுவைச் சங்கிலி அணிந்த இரு பெண்களின் வழக்குகளில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 ஜனவரியில் சேர்த்தே தீர்ப்பு வழங்கியது. விமான நிறுவன ஊழியர் வென்றார். நிறுவனத்தின் தோற்றப் பொலிவு அவரைத் தடுக்கப் போதிய காரணமாகவில்லை. தாதி தோற்றார், நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம், திறந்த புண்ணில் அது படலாம் என்ற அச்சம் அங்கே இருந்தது.

2025 ஜனவரியில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், சமயத்தின் பெயரால் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. வேலைக்குத் தேவையான உடை விதியை யாரும் எதிர்க்கவில்லை. கையேட்டில் ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையா, விதியை அடித்துவிடுங்கள். எஞ்சியதை வேலை விளம்பரத்திலேயே போடுங்கள். முதல் நாள் கல்லாவின் முன் நிற்கவைத்துச் சொல்லாதீர்கள். ‘வாடிக்கையாளருக்குப் பிடிக்காது’ என்பதைக் காரணமாக எழுதாதீர்கள். தூடோங் அணிந்தவர்களும் உங்கள் கடையில்தான் பொருள் வாங்குகிறார்கள்.

25க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குச் சட்டம் இப்போதைக்கு விலக்கு அளித்திருக்கிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சிறு கடை நடத்தும் நம் முதலாளிகளே, அந்தக் கணக்கில் நீங்களும் வருவீர்கள். மடலின் ஒரு படி உங்களுக்கும்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர்