தவில் தகரமான கதை

அன்புள்ள செல்வம்,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே மொட்டை மாடியில் தளம் போடுகிறோம், வீடெல்லாம் சிமெண்ட் தூசி. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பா கோயில் திருவிழாவில் பதிவு செய்த நாகஸ்வரக் கேசட்டை லேப்டாப்பில் ஏற்றி, புது ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டால் தவில் தகர டப்பா மாதிரி இருக்கிறது, ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று எழுதியிருந்தாய். கொடுத்துவிடாதே. போன மாதம் எனக்கும் இதே கூத்து. ஆபீஸ் மீட்டிங் முடிந்த கையோடு பாட்டுப் போட்டேன். பாடகர் எஸ்டிடி பூத்திலிருந்து பாடுவது போல இருந்தது. பார்த்தால், மீட்டிங் செயலியை நான் மூடவே இல்லை. அது மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்போன்களுக்கு இரண்டு முகம். பாட்டுக்கு ஸ்டீரியோ, பேச்சுக்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீ. ஹெட்போன் மைக்கை ஏதாவது ஒன்று திறந்தால் போதும், கணினி இரண்டாவதற்குத் தாவிவிடும். அதில் ஒலி மோனோதான், இரண்டு காதுக்கும் ஒரே தடம். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து மாதிரி எடுக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால், இதில் பழைய முறைப்படி வெறும் 8,000, சற்றுப் புதியதில் 16,000. விரலில் கூடு மாட்டி வலந்தலையில், அதாவது தவிலின் வலப்பக்கத்தில், அடிக்கும்போது வருமே ஒரு சுளீர், அதன் உயிரே மேல் அதிர்வுகளில்தான் இருக்கிறது. 8,000 மாதிரியில் அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தேறாது. அப்புறம் தகரம் போல இல்லாமல் எப்படி இருக்கும்? சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கேட்டுப் பார்.

பாட்டுப் போடும் செயலியான ஃபூபாரின் அவுட்புட் பட்டியலில் ஒரே கருவி 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற வாலோடு இன்னொரு முறை நிற்பதையும் கேட்டிருந்தாய். சாதாரண வழியில் விண்டோஸ் எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒரே அண்டாவில் கலந்து, நொடிக்கு இத்தனை மாதிரி என்று நீ வைத்திருக்கும் அளவுக்கு மாற்றி அனுப்பும். அது 48,000 என்று இருந்தால் சிடி பாட்டும் 48,000 ஆகிவிடும். எக்ஸ்க்ளூசிவ் போட்டால் கலவை கிடையாது, பாட்டு இருந்தபடியே போகும். ஆனால் மற்ற செயலிகளுக்கு அந்த நேரம் வாய்ப்பூட்டு. உண்மையைச் சொல்கிறேன், என் ஐம்பது வயதுக் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அதே பட்டியலில் ஏசியோ என்று இன்னொரு ஒலி வழி கண்ணில் பட்டால் விட்டுவிடு. ஸ்டெய்ன்பர்க் நிறுவனம் ஒலிப்பதிவுக்காரர்களுக்காகக் கொண்டுவந்தது அது. வாசித்த மறுகணமே ஹெட்போனில் கேட்டாக வேண்டியவர்களுக்குத்தான் அதன் அருமை.

ஸ்பீக்கரில் வரும் 'ங்ங்' இரைச்சலுக்கு ஒரு சோதனை செய். சார்ஜரைப் பிடுங்கு. இரைச்சல் நின்றால் அநேகமாக எர்த் வழியாக மின்சாரம் சுற்றி வருகிறது. லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே பிளக் பெட்டியில் செருகினாலே பல நேரம் அடங்கிவிடும்.

தவில் திரும்பி வந்ததா என்று எழுது. அந்தப் பதிவில் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. எம்பி3 ஆக்காதே, ஒலியில் எதையும் இழக்காத ஃப்ளாக் கோப்பாகவே அனுப்பு. இரண்டாம் பக்கத்தில் நடுவே அப்பா இருமுவாரே, அதை வெட்டிவிடாதே.

அன்புடன்,
மணி