சீயக்காய் அனுப்பாதே

ஹூஸ்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. மகளின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஆபீஸுக்குப் போகிற பெண், தலையைக் கொஞ்சம் படிய வாரக் கூடாதா?" என்று கேட்டிருந்தாய். கோபமில்லை. இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் நானும் இதையேதான் கேட்டேன். அவள் பதில் பேசாமல் அறைக்குள் போய்விட்டாள். பெற்றவள் வாயிலிருந்தே அது வந்திருக்க வேண்டாம்.

என் பழைய பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் சின்னவளாக இருந்தபோது நம் ஹாஸ்டல் கைப்பழக்கத்திலேயே வாரினேன். காய்ந்த தலையில் நெருக்கமான சீப்பு, வாரம் இரண்டு முறை சீயக்காய். குழந்தை கதறும்; சீப்பில் துண்டு துண்டாக முடி வரும். அவளுக்குக் கறுப்பரான அப்பாவின் முடி, ஸ்பிரிங் மாதிரி சுருண்டது. நமக்கெல்லாம் தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசை தானாக நுனிவரை இறங்கிவிடும். அவளுக்கு அது வளைவுகளைத் தாண்டி இறங்காது, நுனி காய்ந்தே கிடக்கும், தொட்டால் ஒடியும். இருந்த கொஞ்சப் பசையையும் என் சீயக்காய் எடுத்துவிட்டது.

ஒருநாள் மாமியார் என் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டார். முடியை நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, நாலைந்து பாகமாகப் பிரித்து, விரலாலும் அகலப் பல் சீப்பாலும் நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுத்தார். அலசியதும் ஈரம் காய்வதற்குள் ஷியா வெண்ணெய், ஆப்பிரிக்க மரக்கொட்டையில் எடுக்கும் கொழுப்பு. அப்புறம் சின்னச் சின்னதாகப் பின்னல். அப்படிப் பின்னிவிட்டால் சில வாரம் முடிக்கு ஓய்வு. ஆனால் இறுக்கக் கூடாது, நெற்றியோரம் வழுக்கை விழும். இரவில் சாடின் தொப்பி, ஏனென்றால் பருத்தித் தலையணை உறை ஈரத்தைக் குடித்துவிடும். நீ போட்டோவில் பார்த்த தலை அரை நாள் வேலையடி!

மாமியார் முப்பது வருடம் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அத்தனை வருடமும் தலையில் ரிலாக்ஸர், சுருள்முடியை நேராக்கும் ரசாயனம். அந்தக் காலத்து ரிலாக்ஸரில் சோடியம் ஹைட்ராக்சைடு, சாக்கடை அடைப்பு நீக்கப் போடுகிறோமே, அதே காரம். வேரில் புதுமுடி சுருண்டு வளர்ந்துவிடும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எரிய எரிய, இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டால் இன்னும் நேராகும் என்று உட்கார்ந்திருப்பாராம். காதுக்கு மேலே தழும்பு இருக்கிறது. இப்படி முடியை நேராக்கும் ரசாயனங்களை அடிக்கடி போட்டவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் அதிகம் வந்திருப்பதாக 2022இல் இங்கே ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்த அன்று அவர் யாரோடும் பேசவில்லை.

அந்த இன்டர்வியூ வாரத்தில் அவர்தான் என்னை உட்காரவைத்து அலபாமா கதையைச் சொன்னார். 2010இல் மொபைல் நகரத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வேலை உறுதியாகியும், சடைத்திரிகளை (டிரெட்லாக்ஸ்) வெட்ட மறுத்ததால் கைவிட்டுப் போயிற்று. வழக்கு நடந்தது. இனத்தை மாற்ற முடியாது, சடையை மாற்றிக்கொள்ளலாமே என்கிற ரீதியில் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2019இல்தான் கலிபோர்னியா முதல் மாநிலமாக, முடியைக் காட்டிப் பாகுபாடு பார்க்கக் கூடாது என்கிற 'கிரவுன்' சட்டம் கொண்டுவந்தது. எங்கள் டெக்சஸில் 2023 செப்டம்பர் முதல் அமல். பின்னல், இரண்டிரண்டாகத் திரித்த முறுக்கு, சடைத்திரி எதையும் காட்டி வேலை மறுக்க முடியாது. அதிலும் ஓட்டை உண்டு. ஹூஸ்டன் பக்கத்துப் பள்ளி ஒன்று, பின்னலை விடுங்கள், பையனின் முடி நீளம்தான் விதிமீறல் என்றது. 2024இல் நீதிபதியும் அதை ஏற்றுக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தால் 'படிய' என்பதே நம் முடிக்கு உண்டான சொல். அவள் முடி மேலே எழும்பி வளர்வது. அதைப் படியச் சொன்னால் காரம் போட்டுத்தான் படியவைக்க வேண்டும்.

அவள் முறுக்குகளைப் பின்னால் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனாள். வேலை கிடைத்தது. மூன்றாவது வாரம் பக்கத்து மேஜைக்காரி "நிஜ முடியா?" என்று கேட்டுக்கொண்டே கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு வரை பொருமினாள்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறோம். உன் அத்தைக்கு ஆர்வம் ஜாஸ்தி, என் மகளின் தலையைத் தொடாமல் பார்த்துக்கொள். தேங்காயெண்ணெய் இரண்டு பாட்டில் வாங்கி வை. அது என் மகளுக்கும் ஆகும்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழி