ஆமைக்குஞ்சு விற்கும் சென்னை அக்வேரியம் கடைக்காரர்களுக்கு

வணக்கம்.

போன வருஷம் மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு ஆமைக்குஞ்சுகள் வாங்கினேன். பச்சை ஓடு, காதோரம் சிவப்புப் பட்டை. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கூடவே பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த சின்னத் தொட்டி, ஒரு டப்பா காய்ந்த இறால். "இது போதும் சார், பெரிசா வளராது" என்றார் கடைக்காரர். அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

நான்காவது மாதம் ஒன்றுக்குக் கண் இமை வீங்கியது. சில நாளில் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. தூங்குகிறது என்று நினைத்தோம். இரை மூக்கில் இடித்தும் வாய் திறக்கவில்லை. கண் தெரியாத ஆமை சாப்பிடாது என்பதே எங்களுக்குத் தெரியாது. ஊர்வனவற்றைப் பார்க்கிற கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடிப்பதற்குள் அது செத்துப்போனது. மகள் இரண்டு நாள் அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை.

மிஞ்சிய இன்னொரு குஞ்சை மருத்துவர் உள்ளங்கையில் வைத்து, ஓட்டின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திக் காட்டினார். நகம் மாதிரி வளைந்தது. செத்ததற்குக் கண் வீங்கியது வைட்டமின் ஏ குறைவால், இதற்கு ஓடு மெலிந்தது வெயில் படாததால் என்றார். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால்தான் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி உண்டாகும். அது இருந்தால்தான் தின்கிற கால்சியம் ஓட்டில் சேரும். நாங்கள் தொட்டியை ஜன்னலோரம்தான் வைத்திருந்தோம். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுமாம்.

ஐயா, விற்பதை நிறுத்தச் சொல்லவில்லை. விற்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். இந்தச் செங்காது ஆமை ஓர் அடி நீளம்வரை வளரும், முப்பது வருஷம் வாழக்கூடியது. ஏறி உடம்பைக் காயவைக்க ஒரு கல், நேரடி வெயில் அல்லது அந்தப் புற ஊதாக் கதிரைத் தரும் யு.வி.பி. விளக்கு இல்லாமல் அதற்கு முடியாது. இறால் எப்போதாவது கொடுக்கிற தீனி. தினமும் போட வேண்டியது ஆமைக்கென்று வரும் பெல்லட் என்ற உருண்டைத் தீனிதான். பாலக்கீரையை அள்ளிப் போட வேண்டாம், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. மூக்கில் குமிழி வந்தாலோ, ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தாலோ நுரையீரல் தொற்றாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். கண் வீங்கினால் வைட்டமின் மருந்தை வீட்டிலேயே ஊற்றவும் வேண்டாம், அளவு மீறினால் அதுவே விஷம்.

அப்புறம் சால்மோனெல்லா, ஆமையிடமிருந்து நமக்குத் தொற்றி வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி. குழந்தைகள் ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இந்தக் கிருமிக்காகத்தான் அமெரிக்காவில் 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். வளர்க்க முடியாமல் ரெட்டேரி ஏரியில் கொண்டுபோய் விடுபவர்களையும் தடுங்கள். அங்கிருக்கும் நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் இது பிடுங்கிக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு அஞ்சியே 1997-இல் இறக்குமதியை நிறுத்தியது.

எங்களிடம் மிஞ்சிய குஞ்சு இப்போது காலையில் மொட்டைமாடியில், பாதி நிழல் விழுகிற தொட்டியில் இருக்கிறது. கல்லில் ஏறிப் பின்கால்களை நீட்டி, விரல்களை விரித்துக்கொண்டு வெயில் காய்கிறது. ஓடு கெட்டிப்பட்டு வருகிறது.

மேலே சொன்னதையெல்லாம் ஒரு பக்கத்தில் அடக்கித் துண்டுச்சீட்டாக எழுதிவைத்திருக்கிறேன். எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் நானே அச்சடித்துக் கொண்டுவந்து தருகிறேன். கல்லாப் பக்கத்தில் வைத்தால் போதும்.