பேருந்தின் இடப்பக்கம்

அம்பாசமுத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மீனாட்சிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய ஆவல்.

புதன்கிழமை தொலைபேசியில், "ஒன்றுமில்லை அப்பா, முழங்கையில் சிராய்ப்புதான்" என்று நீ பேச்சை முடித்துவிட்டாய். அம்மா மஞ்சள் பற்றுப் போடச் சொன்னதோடு சமாதானமாகிவிட்டாள். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. துரைப்பாக்கம் நிறுத்தத்தில் நின்ற பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே நீ சைக்கிளை நுழைத்தாய். பின்னாலேயே வந்த மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பார் உன்னுடையதில் உரசியது. நீ இடப்பக்கம் நடைபாதை மேல் விழுந்தாய். நீ சொன்னது இவ்வளவுதான். நான்கு நாட்களாக இதையே மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ வலப்பக்கம் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எழுதக் கை வரவில்லை.

அந்த இளைஞனை நீ திட்டித் தீர்த்ததில் நியாயம் உண்டு. ஆனாலும் முப்பது ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் இருவரும் ஒரே தவறைத்தான் ஒரே இடத்தில் செய்தீர்கள். நீ மெதுவாகச் செய்தாய், அவன் வேகமாகச் செய்தான். சாலையின் இடது ஓரம் பாதுகாப்பானது என்று சிறு வயதில் உனக்குச் சைக்கிள் பழக்கியபோது நானேதான் சொல்லிக் கொடுத்தேன். வெறும் சாலைக்கு அது சரி. பக்கத்தில் பேருந்தோ தண்ணீர் லாரியோ இருக்கும்போது அந்த ஓரத்தைப் போல ஆபத்தான இடம் வேறில்லை.

காரணத்தை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார். நாங்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். நான் ஓட்டிய வண்டிகளில் எனக்கு இடப்பக்கம் என்ஜின் மூடி மேடாக இருக்கும். அதைச் சுற்றிக் காலை நேரத்தில் பத்துப் பேர் நிற்பார்கள். இடப்பக்கக் கண்ணாடியை நான் பார்ப்பது அவர்கள் தலைகளுக்கும் பைகளுக்கும் இடையே கிடைக்கும் சந்தில்தான். கண்ணாடி முழுதாகத் தெரிந்தாலும் வண்டியின் முன்மூலையை ஒட்டித் தாழ்வாக வரும் சைக்கிள் அதில் விழாது. நீ பேருந்தின் முழு நீளத்தையும் பார்ப்பதால் பேருந்தும் உன்னைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறாய்.

இன்னொன்றும் உண்டு. நீண்ட வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் குறுகிய தெருவுக்குள் இடப்பக்கம் திரும்ப வேண்டிய ஓட்டுநர் முதலில் வண்டியைச் சற்று வலப்பக்கம் ஒதுக்குவார். அப்போது இடப்பக்கம் ஓர் இடைவெளி திறக்கும். வழி விடுகிறார் என்று எண்ணி இருசக்கர வண்டிக்காரர்கள் அதில் புகுவார்கள். இரண்டு நொடிகளில் அந்த இடைவெளி மூடிவிடும்.

1994-இல் அப்படித்தான் நடந்தது. அப்போது நீ கைக்குழந்தை. இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. அண்ணா சாலையிலிருந்து ஒரு தெருவுக்குள் திரும்பினேன். சமிக்ஞை போட்டிருந்தேன், கண்ணாடியும் பார்த்தேன், வேகமும் இல்லை. ஏதோ தட்டுப்பட்டது போல் இருந்தது; நடத்துநர் விசில் ஊதுவதற்குள் முடிந்துவிட்டது. பதினாறு வயதுப் பையன். உயிர் தப்பினான், இடது பாதம் போய்விட்டது. வழக்கில் என்மேல் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பால் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. நீ சைக்கிள் கேட்டபோதெல்லாம் நான் ஏன் தள்ளிப்போட்டேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

ஆகையால், நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்குப் பின்னால் நின்றுவிடு. இறங்குகிறவர்களும் அந்த ஓரத்தில்தான் கால் வைக்கிறார்கள் என்பதை மறக்காதே. கடந்தே ஆக வேண்டுமானால் வலப்பக்கமாக, திரும்பிப் பார்த்து, கை காட்டிவிட்டுப் போ. சிக்னலில் பெரிய வண்டியின் பக்கவாட்டில் நிற்காதே. பின்னால் நில், அல்லது ஓட்டுநரின் முகம் உனக்குத் தெரியும் அளவுக்கு நன்றாக முன்னால் போய் நில். முகம் தெரியவில்லை என்றால் அவருக்கு நீயும் தெரியவில்லை. நடைபாதையை உரசிக்கொண்டும் ஓட்டாதே. மணலும் மழைநீர் வடிகால் மூடியும் அங்கேதான் இருக்கின்றன, அவற்றுக்காக நீ திடீரென்று வலப்பக்கம் வளைவதைப் பின்னால் வருகிறவன் எதிர்பார்க்க மாட்டான். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடந்துவிடும். அவன் பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்த ஒரு நொடி போய்விடும்.

அவனையும் முழு எதிரியாக நினைத்துவிடாதே. 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர மோட்டார் வண்டியில் போனவர்கள். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் மாநிலத்துக்குத்தான்: 64,105. பேருந்துக்குப் பக்கத்தில் அவனும் உன்னைப் போல ஒரு மெல்லிய உடம்புதான். என்ன, அவனிடம் என்ஜின் இருப்பதால் அது அவனுக்குத் தெரிவதில்லை. மாப்பிள்ளையிடமும் சொல்: அழகுக்காகத் தன் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறாரே, அதைத் திரும்ப மாட்டச் சொல். நீ பின்னால் உட்காரும்போது உனக்கும் ஹெல்மெட் வேண்டும். வார்ப்பட்டையை இறுக்கிப் போட வேண்டும்.

உன்னைத் தூக்கிவிட்ட அம்மாள் போலீஸ் கேள்விக்குப் பயந்து உடனே போய்விட்டார் என்றாய். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு இருக்கிறது. உதவியவர் விருப்பமில்லாவிட்டால் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழியில் மறுபடி அவரைப் பார்த்தால் நன்றி சொல்லிவிட்டு இதையும் சொல்.

கீழ வீட்டு அண்ணன் வெள்ளிக்கிழமை சென்னை வருகிறான். சைக்கிளுக்கு மாட்டும் கண்ணாடி ஒன்றும், சிவப்புப் பின்விளக்கு ஒன்றும் கொடுத்தனுப்புகிறேன். கண்ணாடியை வலது கைப்பிடியில் மாட்டு. அம்மா கொடுக்கும் ஊறுகாய் ஜாடியும் அதே பையில்தான் இருக்கிறது, பார்த்துப் பிரி.

அன்புடன்,
அப்பா