ஜெராக்ஸ் கடை அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

நேற்று மதியம் வேலைக்கான ஆணை மின்னஞ்சலில் வந்தது. கணினித் திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் வாசிக்க வாசிக்க மூன்று முறை கேட்டேன். நாலாவது முறை அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். அம்மாவுக்கு அந்த இயந்திரக் குரல் இன்னும் பழகவில்லை. "என்னடா சொல்லுது?" என்றார். "திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லுதும்மா" என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பார்வை எப்படிப் போனது, அதற்குப் பிறகு நான் எப்படிக் கிடந்தேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களே நீங்கள்தானே. அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி, விருத்தாசலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு.

சென்னையில் பயிற்சி முடித்து ஊர் திரும்பியபோது என்னிடம் இருந்தது ஒரு பென்டிரைவ். அதில் என்விடிஏ இருந்தது. அதை ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் 2006இல் எழுதத் தொடங்கினார், பிறகு அவருடைய நண்பரும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேருக்குமே பார்வை கிடையாது. காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று இலவசமாகவே கொடுக்கிறார்கள். தமிழும் வாசிக்கும். கணினியில் நிறுவக்கூட வேண்டாம், பென்டிரைவில் இருந்தபடியே ஓடும்.

ஆனால் செருகுவதற்கு ஒரு கணினி வேண்டுமே. வீட்டில் இல்லை. தினமும் தட்டிப் பழகாவிட்டால் படித்ததெல்லாம் விரலைவிட்டுப் போய்விடும். மூன்று கடை ஏறி இறங்கினேன். "வைரஸ் வந்துடும் சார்" என்றார்கள் இரண்டு இடத்தில். இன்னொரு இடத்தில் பென்டிரைவ் பற்றிச் சொல்வதற்கு முன்பே "உங்களுக்கு எதுக்கு சார் கம்ப்யூட்டரு?" என்று கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் ஆறவில்லை. நாலாவதுதான் அக்கா கடை. நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்ததும், "செருகிப் பாரு தம்பி. கெட்டுப்போனா ஃபார்மட் பண்ணிக்கலாம்" என்றார்.

இரண்டாவது கணினி என்னுடையதாகிவிட்டது. காலை பத்து மணிக்குப் போவேன், மதியம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க வரும்வரை உட்கார்ந்திருப்பேன். ஆனால் அந்த விசைப்பலகை பழசு. எஃப் விசையிலும் ஜே விசையிலும் சின்னதாக ஒரு மேடு இருக்கும் அல்லவா? பார்வை உள்ளவர்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். எங்களுக்கு வீட்டு வாசல்படி மாதிரி அது. இரண்டு ஆள்காட்டி விரலும் அங்கே உட்கார்ந்துவிட்டால் மற்ற விசைகள் எல்லாம் தன்னால் கைக்கு வரும். அந்த மேடு இரண்டும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வருவேன். ஒரு விசை தள்ளி விரலை வைத்துவிட்டால் ஒரு பக்கம் முழுக்கக் குப்பையாகிவிடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இடம் கொடுத்ததே பெரிது, இதையும் போய்க் கேட்பதா என்று இருந்தது.

ஒரு நாள் காலை போய் உட்கார்ந்து கையை வைத்தேன். இடது விரலில் ஒரு பொட்டு தட்டுப்பட்டது. வலது விரலிலும் ஒன்று. லேசாக நெயில் பாலிஷ் வாசனை. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்து அக்கா குரல் வந்தது: "நீ எதையோ தேடித் தேடித் தட்டுறியேன்னு நேத்து ராத்திரி நானே கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து பார்த்தேன்பா. ஒண்ணும் புரியல. அப்புறம் என் மவ கீபோர்டைத் தடவிப் பார்த்தேன், அதுல இருந்துச்சு. இதுல இல்ல. ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன், சரியா இருக்கா?"

தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் எஃப் விசைதான் மெய்யெழுத்துக்கு வைக்கும் புள்ளி. ஜே விசை ப. அக்கா வைத்த முதல் பொட்டு, புள்ளியின் மேலேயே வைத்த புள்ளி. அன்றைக்கு நான் அடித்த முதல் வார்த்தை 'அக்கா'. அ, க, க, ஆ. நாலே தட்டு. நடுவில் வரும் புள்ளியைத் தமிழ்99 தானே போட்டுக்கொள்ளும். அம்புக்குறியை அழுத்தினேன், என்விடிஏ கடை முழுக்கக் கேட்கும்படி "அக்கா" என்றது. அவர் சிரித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை, பொட்டு தேயத் தேய, நான் கேட்காமலேயே புதிதாக வைத்துவிடுவார். மணிக்கணக்குக்குக் கடைசிவரை காசு வாங்கவில்லை. அவர் கடையில் தமிழெல்லாம் பாமினி எழுத்துருவில்தான் அடிப்பார்கள். அதில் 'அம்மா' என்று இருந்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எனக்கு அதுதான் காதில் விழும். ஒரு முறை இதைச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து எனக்குத் தரும் கோப்பு எல்லாம் என்விடிஏ தமிழாகவே வாசிக்கும் யூனிகோடில் வந்தது. பதினைந்து வருஷம் பழகிய கை அவருடையது. அதை எனக்காக மாற்றிக்கொண்டார்.

மற்ற எல்லோரையும் சேர்த்தேதான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எக்செல் பாடத்தை மௌஸ் இல்லாமல் எப்படிச் செய்வது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிய பயிற்சி மைய நண்பர்கள், விண்ணப்பப் பக்கத்தில் எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்ட்சா படம் வந்து நிற்கும்போதெல்லாம் வீடியோ காலில் வாசித்துச் சொன்ன மாமா பிள்ளைகள், நேர்காணலுக்குக் கூட வந்து வெளியே நாலு மணி நேரம் வெயிலில் நின்ற தம்பி, தேர்வுத்தாளைப் படமாக அனுப்பாமல் வாசிக்கக்கூடிய கோப்பாக அனுப்பிய அந்த அலுவலக மேடம், என்னைப் பார்த்ததும் முன்படி ஓரமாகவே வண்டியை நிறுத்தும் டவுன் பஸ் டிரைவர் அண்ணன். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத வேண்டியது. எழுதுவேன்.

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மென்பொருள் இலவசம், தமிழ்99 விண்டோஸிலேயே இருக்கிறது, பாடம் காதிலேயே கேட்டுப் படிக்கலாம். இத்தனையும் இருந்தும் மூன்று கடை வாசலோடு நான் திரும்பியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. எத்தனை பேர் அப்படித் திரும்பியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். மின்னணு வடிவில் வருவது எல்லாம் எங்களுக்கும் எட்ட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் இன்றைக்கும் எத்தனையோ விண்ணப்பப் பக்கங்களில் எதைத் தொட்டாலும் "பட்டன், பட்டன்" என்று மட்டும்தான் கேட்கிறது. எதற்கான பட்டன் என்று எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இனி அப்படிப்பட்ட பக்கம் எதைப் பார்த்தாலும் சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுதுவேன், பதில் வரும்வரை எழுதுவேன்.

அப்புறம், அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்கு வாரத்தில் சனி, ஞாயிறு விடுமுறை. பெண்ணாடத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள், என்னைப் போலத்தான். இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் அம்மாவோடு வருகிறாள். இரண்டாவது கணினியை அவளுக்கு ஒதுக்கி வையுங்கள். பொட்டு தேய்ந்திருக்கும், நெயில் பாலிஷ் நான் வாங்கி வருகிறேன்.