சீசனின் முதல் நான்கு வாரங்கள்: அணி நிர்வாகிகளுக்கும் தலைமைக் கோச்சுகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளே, தலைமைக் கோச்சுகளே,

வணக்கம். புது சீசனுக்கான பயிற்சி அட்டவணையை நீங்கள் போடும் நேரம் இது. வீரர்களின் உடல்தகுதியையும் காயங்களையும் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னர்களாகிய நாங்கள் அதன் முதல் நான்கு வாரங்களைத் திருத்தித் தரும்படி கேட்கிறோம். பயிற்சியால் வரும் மிக மோசமான விபத்துகள் பலவும் லீவு முடிந்து திரும்பிய சில நாட்களுக்குள்தான் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை.

கோளாறு தொடங்குவது முதல் நாளில். போன சீசன் முடிவில் எவ்வளவு ஓடினார்களோ, அதையே லீவு முடிந்து வந்த அன்றும் எதிர்பார்க்கிறோம். பயிற்சி நின்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே தாக்குப்பிடித்து ஓடும் திறன் இறங்கத் தொடங்கிவிடும். தசைபலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால் ஆள் பார்வைக்குப் பழையபடியே இருப்பார். கோச்சும் நம்பிவிடுவார், அவரும் தன்னை நம்பிவிடுவார். பயிற்சியின் அளவைத் திரும்ப ஏற்றும்போதும் இதே போன்ற இடைவெளிதான் சிக்கல். தசை சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் எலும்பும் தேற மாதக்கணக்கில் ஆகும். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில் வலி என்று வருகிறவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் இரண்டு உடல்தகுதிப் பயிற்சியாளர் சங்கங்கள் 2019-இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல் அது. இரண்டு வாரமோ அதற்கு மேலோ பயிற்சி இல்லாமல் இருந்தவருக்கு, முழு அளவிலிருந்து முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 10 சதவீதம் குறைத்துக் கொடுக்க வேண்டும். முழு அளவு என்பது 100 மீட்டர் ஓட்டம் 20 முறை என்றால் 10, 14, 16, 18 என்று ஏறும். ஓய்வும் இதில் சேர்ந்ததுதான். முதல் வாரம் ஒரு பங்கு வேலைக்கு நான்கு பங்கு ஓய்வு, இரண்டாம் வாரம் மூன்று பங்கு. 15 விநாடியில் ஓடி முடித்தவர் முதல் வாரத்தில் குறைந்தது ஒரு நிமிடம் நிற்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு ஓய்வையும் சேர்த்து வெட்டினால் குறைத்ததற்குப் பலன் இல்லை. ஃபிட்னஸ் டெஸ்டுக்கும் இதே விதிதான். முதல் நாள் காலையில் டெஸ்ட் வைக்கும் பழக்கத்தை இந்த சீசனோடு விட்டுவிடுங்கள்.

அடுத்து, தண்டனை. தாமதமாக வந்தால், தோற்றால், ஒருவர் தவறு செய்தால் மொத்த அணிக்கும் நூறு ஸ்குவாட், இருநூறு புஷ்-அப். இதை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம், காரணத்தோடுதான். ஸ்குவாட்டில் இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையை அதிகம் சிதைப்பது இந்த இறக்கம்தான். சாதாரணப் பயிற்சியில் முடியாதவர் நின்றுவிடுவார். தண்டனையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதால் யாரும் நிற்பதில்லை. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். அறிகுறி பெரும்பாலும் அன்றே தெரியாது. அடுத்த இரண்டு மூன்று நாளில் வழக்கமான உடம்பு வலியைத் தாண்டிய வலி, வீங்கி இறுகிய தசை, மடக்கவோ நீட்டவோ முடியாத கை கால், டீ டிகாக்ஷன் நிறத்தில் சிறுநீர். சிறுநீர் நிறம் மாறிவிட்டால் உடனே மருத்துவமனைதான். வலி மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள்; ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். ஒரே பயிற்சிக்குப் பிறகு இரண்டு பேருக்கு இப்படி வந்தால் மொத்த அணியையும் பரிசோதிக்க வேண்டும்.

வெயிலில் பயிற்சி என்றால் உடம்பு பழக 7 முதல் 14 நாள் தேவை. இந்த நாட்களில் வியர்வை சீக்கிரம் சுரக்கப் பழகுகிறது, அதில் உப்பு குறைகிறது, இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. முதல் ஐந்து நாள் நாளுக்கு ஒரே பயிற்சி, அதுவும் மூன்று மணி நேரத்துக்குள். பாதுகாப்புக் கவசம் அணியும் விளையாட்டாக இருந்தால் முதலில் தலைக்கவசம் மட்டும், பிறகு ஒவ்வொன்றாக.

இவ்வளவும் செய்தும் ஒருவர் தடுமாறி, குழறிப் பேசி, கோபப்பட்டு, சரிந்து விழலாம். உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளையின் செயல் தடுமாறுவதுதான் வெப்பத்தாக்கு. நெற்றியிலும் காதிலும் வைக்கும் தெர்மாமீட்டரை நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மைதானத்தில் சரியான அளவு தருவது ஆசனவாய் தெர்மாமீட்டர்தான், அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும். தோல் உலர்ந்திருக்க வேண்டும் என்று காத்திருக்கவும் கூடாது. உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் உடம்பு பெரும்பாலும் வியர்வையில் நனைந்தேதான் இருக்கும்.

இங்கே ஒரு வரிசை மாறக்கூடாது: முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றுவது. பயிற்சி தொடங்கும் முன்பே ஒரு ஆள் கழுத்தளவு மூழ்கும் தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் பிடித்து நிழலில் வையுங்கள். பக்கத்திலேயே ஐஸ் பெட்டி. தேவைப்பட்டதும் ஐஸைக் கொட்டினால் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். ஒருவர் அக்குள் வழியாகத் துண்டைக் கொடுத்துத் தலை மூழ்காமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்காவிட்டால் தோலை ஒட்டிய நீர் சூடாகி, குளிர்வது நின்றுபோகும். இப்படிச் செய்தால் உடல் வெப்பம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி இறங்கும். 39 டிகிரிக்கு வந்ததும் வெளியே எடுக்கலாம். விழுந்த அரை மணி நேரத்துக்குள் இது முடிந்துவிட வேண்டும். தொட்டி இல்லாத இடத்தில் தார்ப்பாயில் படுக்க வைத்து, நாலு பக்கமும் தூக்கிப் பிடித்து, ஐஸ் தண்ணீரை ஊற்றி அசைக்கலாம்.

யாரும் மோதாமலே ஒருவர் சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சீராக இல்லை என்றால், அது இதயம் நின்றதாகத்தான் முதலில் நினைக்க வேண்டும். சில விநாடி வலிப்பு போல உடம்பு இழுக்கும், வாய் திறந்து திணறும். இதைப் பார்த்து வலிப்பு என்று விலகி நின்றுவிடுகிறார்கள். உடனே மார்பை அழுத்தத் தொடங்கி, மூன்று நிமிடத்துக்குள் ஏ.இ.டி. என்ற கருவியால் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பூட்டிய அலுவலக அறையில் கிடக்கும் கருவியால் யாருக்கும் பயனில்லை.

வார்ம்-அப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்து நிற்பதை ஓட்டத்துக்கு முன் தவிருங்கள். வேகமும் தாவும் திறனும் சற்றே குறையும். மெதுவான ஓட்டம், திசை மாற்றம், குதித்து இறங்குதல் என 15 முதல் 20 நிமிடம் போதும்.

கடைசியாக, அதிகாரம். இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் உடைகின்றன: டிரெய்னர் “நிறுத்துங்கள்” என்கிறார், கோச் “இன்னும் ஒரு செட்” என்கிறார். டிரெய்னரை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் கோச் கையில் இருக்கும் வரை அந்த ஒரு செட் நடந்துகொண்டேதான் இருக்கும். டிரெய்னர் அணியின் மருத்துவருக்குப் பதில் சொல்கிறவராக இருக்க வேண்டும். பயிற்சியை நிறுத்தவும், ஒருவரை வெளியே உட்கார வைக்கவும் அவர் சொல்வதே முடிவு என்று உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். நான்கு வார அட்டவணையைப் பயிற்சி தொடங்கும் முன்பே அவரிடம் கொடுத்து, அவர் கையெழுத்தோடு திரும்ப வாங்குங்கள். கையெழுத்து இல்லாத அட்டவணையை வைத்து யாரும் மைதானத்தில் இறங்கக் கூடாது.

இப்படிக்கு,
அத்லெடிக் டிரெய்னர்கள்